அவ்வப்போது அடம்பிடிக்கும் பழைய மினிவான் கியர்பெட்டி: கழற்றச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வான் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஓர் உதை. 2,000 சுற்றில் இருந்த எஞ்சின் 4,500-க்குத் தாவி அலறும். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். ஓரங்கட்டிச் சாவியை அணைத்து மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டும். மெக்கானிக் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், அல்லது "கியர்பெட்டி போய்விட்டது, முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும்" என்று வானின் விலையைவிடக் கூடிய தொகை ஒன்றைச் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் வான்காரரே செய்து பார்க்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

பொதுவாகப் பேசினால் பயனில்லை என்பதால் ஒரே வகை வானை எடுத்துக்கொள்கிறேன். டாட்ஜ் கேரவன், கிராண்ட் கேரவன், பிளிமத் வாயேஜர், கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி ஆகிய பெயர்களில் வந்த மினிவான்களில் வி6 எஞ்சினோடு சேர்ந்து வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் 1989 மாடலில் ஏ604 என்ற பெயரில் அறிமுகமாகி, பிறகு 41டிஇ என்று பெயர் மாறியது. ஒன்டாரியோவின் வின்ட்சர் நகரத் தொழிற்சாலையில் 1983-இலிருந்து மினிவான் உற்பத்தி நடக்கிறது. ஏழு பேர் உட்காரலாம், பழையது மலிவாகக் கிடைக்கும் என்பதால் டொராண்டோ வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் வாகனமும் இதுவாகவே இருந்தது. நான்கு சிலிண்டர் கொண்ட சில பழைய மாடல்களில் கணினிக் கட்டுப்பாடு இல்லாத மூன்று கியர் பெட்டி வந்தது. அவற்றுக்குக் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தாது.

அடிப்படையான ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த கிளட்ச் தட்டு தானாகக் குணமாவதில்லை. இன்று காலை வழுக்கி, மத்தியானம் சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகி, மூன்று நாள் ஒழுங்காக ஓடி, நான்காம் நாள் மறுபடி அடம்பிடிக்கிறது என்றால், பழுது பெரும்பாலும் வயரிலோ, பிளக்கிலோ, சென்சரிலோ, ஆயில் அளவிலோதான் இருக்கும். இரும்பு தேய்ந்ததால் வரும் கோளாறு நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர வந்து வந்து போகாது. இதற்கு விதிவிலக்கு உண்டு. வயதாகி இறுகிப்போன ரப்பர் சீல்கள் குளிரில் ஆயிலை விட்டுவிட்டு, சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கோளாறும் ஓர் ஒழுங்கோடுதான் வரும்: ஒவ்வொரு குளிர் காலையும் வரும், சூடேறியதும் போகும்.

மேலே சொன்ன உதைக்கும் ஒரு காரணம் உண்டு. இந்தக் கியர்பெட்டியைத் தனிக் கணினி ஒன்று நடத்துகிறது. தான் கேட்ட கியருக்கும், உள்ளே வரும் சுழற்சிக்கும், வெளியே போகும் சுழற்சிக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் அது மேலும் சேதம் வராமலிருக்க ரிலேயை அணைத்துவிடும். மின்சாரம் போன நிலையில் கியர்பெட்டி இயல்பாகவே இரண்டாம் கியரில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ரிவர்ஸ், நியூட்ரல், பார்க் இயங்கும். முன்னோக்கி எந்த நிலையில் லிவரை வைத்தாலும் இரண்டாவது மட்டுமே. இதை நொண்டி நிலை என்று சொல்லலாம். வீடுவரை மெதுவாக ஓட்டிவருவதற்கான ஏற்பாடு அது, கியர்பெட்டி செத்துவிட்டதற்கான அடையாளம் அன்று. சாவியை அணைத்துப் போட்டதும் கணினி மறுபடி முயன்று பார்ப்பதால்தான் வான் "சரியாகிவிடுகிறது".

நோட்டுப் புத்தகம்

முதல் கருவி ஒரு பேனாவும் நோட்டும். இரண்டு வாரம் ஒவ்வொரு கோளாறையும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் ஓடிய பிறகு வந்தது, வெளியே வெயிலா மழையா, ஏற்றமா சமதரையா, என்ன வேகம், வேகம் கூட்டும்போதா குறைக்கும்போதா, திரும்பும்போதா. மிக முக்கியமாக, அந்தக் கணத்தில் வேகமானி முள் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். சாவியை அணைப்பதற்கு முன், பாதுகாப்பாக ஓரங்கட்டிய நிலையில், கருவிப்பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுவது இன்னும் நல்லது. நினைவிலிருந்து சொல்லும்போது நமக்கே தெரியாமல் கதை மாறிவிடும்.

ஒரு பழைய வானில் நான் எழுதியிருந்த ஐந்து குறிப்புகளில் நான்கில் "மழை" அல்லது "பனி உருகிய ஈரம்" என்று இருந்தது. எல்லாவற்றிலும் "வேகமானி பூஜ்யம்" என்று இருந்தது. ஒரு கராஜில் கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் ஏறத்தாழச் சம்மதித்திருந்தேன். நோட்டைப் படித்த பிறகு வானுக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வெளிச்சுழற்சி சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஊசிகளில் ஒன்றின் மேல், பழைய செம்புக் குடத்தில் களிம்பு பூத்திருப்பதுபோல், பச்சையாகப் பொடி படர்ந்திருந்தது; பிளக்கின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பல குளிர்காலத்து வீதி உப்பு அதற்குள் போயிருக்கிறது. வானைக் கழுவும்போது மேலே மட்டும் கழுவி, அடிப்பகுதியை மறந்துவிட்டதன் பலன் அது.

வேகமானி முள் ஏன் முக்கியம் என்றால், இந்த வான்கள் பலவற்றில் வேகமானிக்குக் கணக்குப் போவதும் அதே வெளிச்சுழற்சி சென்சரிலிருந்துதான். கியர் உதைத்த அதே நொடியில் வேகமானியும் விழுந்தால் சந்தேகம் அந்தச் சென்சர், அதன் பிளக், அதன் வயர் ஆகிய மூன்றின் மேல் குவிகிறது. வேகமானி ஒழுங்காக இருந்து கியர் மட்டும் விழுந்தால் வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆயில்

அடுத்தது ஆயில். எஞ்சின் ஆயிலைப்போல் இதை எஞ்சினை நிறுத்திப் பார்க்கக் கூடாது. இருபது கிலோமீட்டராவது ஓட்டி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, லிவரை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நிதானமாக நகர்த்திப் பார்க்கில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். சூடான நிலைக்கான கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடித்து நிற்கும்போதும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் கோளாறு முதலில் அப்போதுதான் தலைகாட்டும். நோட்டில் "திரும்பும்போது" என்று அடிக்கடி வந்தால் டிப்ஸ்டிக்கைத் தேடுங்கள். அளவு மிஞ்சியிருந்தாலும் கெடுதல்தான்: சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரை கிளட்சை அழுத்தாது.

எந்த ஆயில் என்பதில் இந்தக் கியர்பெட்டி பிடிவாதமானது. கிரைஸ்லர் இதற்கென்று சொல்லும் ஏடிஎஃப்+4 வகை ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். தொடக்க காலத்தில் டெக்ஸ்ரான் என்னும் வேறு வகை ஆயிலும் பரவாயில்லை என்று சொல்லப்பட்டதால் எத்தனையோ கியர்பெட்டிகள் நடுக்கம் எடுத்தன. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போத்தலில் எழுதியிருப்பதையும் நான் ஊற்ற மாட்டேன். வானை இரண்டாம் கையாக வாங்கியவருக்கு முன்னவர் என்ன ஊற்றினார் என்பது தெரியாது. அப்படியானால் அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியை மாற்றிப் புது ஆயில் ஊற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும். அடித்தட்டைக் கழற்றினால் சுமார் நாலு லிட்டர்தான் வெளியேறும், பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

நிறத்தையும் வாசனையையும் வைத்து ஜோசியம் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஏடிஎஃப்+4-இன் சிவப்புச் சாயம் நிலையானது அன்று. நல்ல ஆயிலே சில ஆயிரம் கிலோமீட்டரில் பழுப்படிக்கும், அதன் வாசனையும் மற்றவற்றைப்போல் இராது. டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தே "எரிந்துவிட்டது" என்று சொல்பவரிடம் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் உறுத்தும் இரும்புத் துணுக்குகளோ, கிளட்ச் தட்டின் கருப்புத் துகள்கள் அடித்தட்டில் கனமாகப் படிந்திருப்பதோ இயல்பு அன்று. அதைக் கண்டால் பழுது உள்ளேதான்.

காலையில் டிரைவில் போட்டதும் சில நொடி வான் நகராமல் நின்று, உறுமி, பிறகு பிடித்துக்கொள்கிறதா? வடிகட்டியின் கழுத்திலுள்ள வளையத்தைப் பாருங்கள். அது இறுகிக் காற்று விட்டால் பம்ப் முதலில் காற்றை விழுங்கிவிட்டுத்தான் ஆயிலை இழுக்கும். மலிவான பொருள் அது. இதை மாற்றிப் பார்க்காமல் கியர்பெட்டியை இறக்கவிடாதீர்கள்.

மின்சாரம்

பேட்டரியில் தொடங்குங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், ஓடும்போது ஏறத்தாழ 13.5-க்கும் 14.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். கணினிக்கு வோல்ட்டேஜ் ஏறி இறங்குவது ஒத்துக்கொள்ளாது. தளர்ந்த பேட்டரி முனையும், துருப்பிடித்த எர்த் வயரும் கியர்பெட்டிக் கோளாறு வேடத்தில் வந்து நிற்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: கணினி பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, வாசிக்கும் முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். சேர்ந்திருக்கும் சாட்சி அழிந்துபோகலாம்.

பிறகு பிளக்குகள். உள்சுழற்சி, வெளிச்சுழற்சி என்னும் இரண்டு சென்சர்களும் கியர்பெட்டியின் வெளிப்பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. சாலினாய்டு தொகுதி (கணினி சொல்கிறபடி ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகள்) பெட்டியின் மேற்புறத்தில் வெளியே பொருத்தப்பட்டிருக்கிறது; பெட்டியை இறக்காமலே அதை மாற்றலாம் என்பது இந்த வடிவமைப்பின் பெரிய நன்மை. கணினி பல மாடல்களில் எஞ்சின் அறையில், மட்கார்டை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு பிளக்கையும் கழற்றி, ஈரம், பச்சைக் களிம்பு, பின்னால் தள்ளிப்போன ஊசி, ஊசி வழியாக ஏறிய ஆயில் ஆகியவற்றைப் பாருங்கள். மின்தொடர்புத் துப்புரவுத் திரவம் அடித்து, உலரவிட்டு, மின்காப்புக் கிரீஸ் சிறிது தடவிப் பூட்டுங்கள். இது ஒரு சனிக்கிழமைக் காலை வேலை. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

சென்சரை மல்ட்டிமீட்டரால் சோதிப்பது எளிது. இரண்டும் வெளியிலிருந்து மின்சாரம் கேட்காத காந்தச் சுருள்கள். முன்னால் பற்கள் சுழலும்போது தாமே சிறு மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. பிளக்கைக் கழற்றி இரண்டு ஊசிகளுக்கிடையே ஓம் அளந்தால் சில நூறுக்கும் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் இடையில் ஒரு எண் வர வேண்டும். ஆறியிருக்கும்போது ஒருமுறை அளந்ததோடு நிறுத்திவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. உள்ளே முறிந்த மெல்லிய கம்பி ஆறும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடானதும் விலகும். ஆகவே அரை மணி நேரம் ஓட்டி வந்த உடனேயும் அளந்து பாருங்கள். முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கியும், விரலால் வயரை மெல்ல அசைத்தும் பாருங்கள். எண் தாவினால் திருடன் அகப்பட்டான். வானுக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கை நம்பாமல் தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்கு அடை போட்ட பிறகே போங்கள்.

கோடுகள்

அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்களிலும் இத்தகைய வான்களிலும் 1996 மாடல் முதல், கோடுகளைப் பொதுவான ஸ்கேனரால் வாசிக்க வழிசெய்யும் ஓபிடி-2 என்னும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வானுக்குப் பழைய கிரைஸ்லர் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பிந்தையவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் மலிவான வாசிப்பான் பெரும்பாலும் பி0700 என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். இந்தக் கோடு ஒரு பழுதின் பெயர் அன்று. கியர்பெட்டிக் கணினியிடம் ஏதோ ஒரு கோடு இருக்கிறது, போய்க் கேள் என்று எஞ்சின் கணினி கைகாட்டுகிறது, அவ்வளவுதான். பி0700-ஐக் காட்டி "கியர்பெட்டி அவுட்" என்று சொல்பவர், கதவில் "உள்ளே வரவும்" என்றிருப்பதைப் படித்துவிட்டு வாசலிலேயே திரும்பியவர். டிரான்ஸ்மிஷன் கணினிக்குள் போய் வாசிக்கும் ஸ்கேனர் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

உள்ளே பி0715 இருந்தால் உள்சுழற்சி சென்சர், பி0720 என்றால் வெளிச்சுழற்சி சென்சர் பற்றிய புகார். பி0750, பி0755, பி0760, பி0765 ஆகியவை சாலினாய்டு மின்சுற்றுகள். தொகுதியை வாங்குவதற்கு முன் அதன் பிளக்கைப் பாருங்கள். பி0731 முதல் பி0734 வரை முறையே முதல் கியரிலிருந்து நான்காம் கியர் வரை கணக்குத் தப்பியதையும், பி0736 ரிவர்ஸில் தப்பியதையும் சொல்லும். கணக்குத் தப்பிய கோடோடு சென்சர் கோடும் சேர்ந்திருந்தால் முதலில் சென்சரைச் சரிசெய்யுங்கள். பொய் சொல்லும் சாட்சியை வைத்துக்கொண்டு கிளட்சைக் குற்றவாளியாக்க முடியாது.

எந்த கிளட்ச்

உண்மையாகவே வழுக்குகிறது என்று தெரிந்தால், பெட்டியைத் திறக்காமலே எந்த கிளட்ச் என்று ஓரளவு ஊகிக்கலாம். உள்ளே ஐந்து கிளட்ச் தொகுதிகள் இருக்கின்றன. அண்டர்டிரைவ் கிளட்ச் 1, 2, 3 ஆகிய கியர்களில் வேலை செய்கிறது. ஓவர்டிரைவ் கிளட்ச் 3, 4-இல். இரண்டு-நான்கு என்னும் கிளட்ச் பெயருக்கேற்ப 2, 4-இல். லோ-ரிவர்ஸ் கிளட்ச் 1-இலும் ரிவர்ஸிலும். ரிவர்ஸ் கிளட்ச் ரிவர்ஸில் மட்டும். இரண்டிலும் நான்கிலும் வழுக்கி மூன்றில் உறுதியாகப் பிடித்தால் சந்தேகம் இரண்டு-நான்கு கிளட்ச் மேல். முதல் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து தடுமாறினால் லோ-ரிவர்ஸ். முன்னோக்கி எல்லாம் சரி, ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் ரிவர்ஸ் கிளட்ச்.

நேரடி எண்களைக் காட்டும் ஸ்கேனர் கிடைத்தால், இன்னொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கியர் விகிதங்கள் 2.84, 1.57, 1.00, 0.69. மூன்றாம் கியரில் உள்சுழற்சியும் வெளிச்சுழற்சியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான்காம் கியரில் வெளிச்சுழற்சி 2,300 என்றால் உள்சுழற்சி 1,590-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மேட்டில் வேகம் கூட்டும்போது அது 1,800-க்கு ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. எண்கள் மெதுவாக விலகாமல் ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து திரும்பினால் அது வழுக்கல் அன்று, சென்சரோ வயரோதான். இரும்பு அவ்வளவு வேகமாகத் தாவாது.

நடுக்கம் மட்டும் என்றால்

மணிக்கு 60-லிருந்து 80 கிலோமீட்டருக்குள், லேசாக ஆக்சிலரேட்டர் மிதித்துப் போகும்போது, கரடுமுரடான ஓரக்கோட்டின் மேல் ஏறியதுபோல் வான் நடுங்கினால் எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை ஒரே துண்டாகப் பூட்டிவைக்கும் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில், வேகத்தை மாற்றாமல், பிரேக்கை இடதுகாலால் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். சுற்று சற்று ஏறி நடுக்கம் உடனே நின்றால் சந்தேகம் உறுதி, முதல் மருந்து சரியான ஆயில். நடுக்கம் நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் வயரையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவதும் கையில் இதே மாதிரிதான் தெரியும். கியர் ஏறும்போது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மூன்று முறைக்குப் பதில் நான்கு முறை இறங்குகிறதே என்று பலர் குழம்புவார்கள். நான்காவது இறக்கம் கியர் மாற்றம் அன்று, இந்தப் பூட்டு விழுவதுதான்.

கராஜுக்குப் போகும்போது

ஆயில் சரி, பிளக்குகள் சுத்தம், சென்சர்கள் நலம், ஆனாலும் கணக்குத் தப்பிய கோடு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, அடித்தட்டிலும் கருந்துகள் இருக்கிறது என்றால் உள்வேலைதான். அதற்கு மேல் நோட்டுக்கு வேலையில்லை. வளைவில் திரும்பும்போது பெட்டிக்குள் கட்டைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்டால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிராமல் ஓட்டத்தை நிறுத்துங்கள். பழைய பெட்டிகளில், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் தண்டைப் பிடித்திருக்கும் சிறு பின் முறிந்து, தண்டு வெளியே நகர்ந்து, பெட்டியின் உறையையே துளைத்துவிடும். பனியில் சிக்கி ஒரு சக்கரம் மட்டும் வெறித்தனமாகச் சுழன்ற வான்களுக்கு இது வரும்.

மற்றபடி, கராஜில் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். டிரான்ஸ்மிஷன் கணினியிலிருந்து வந்த கோடுகளை எழுதித் தர முடியுமா? ஒவ்வொரு கிளட்சும் நிரம்ப எவ்வளவு ஆயில் தேவைப்படுகிறது என்று கணினி கற்றுவைத்திருக்கும் எண்களைப் பார்த்தீர்களா? அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா? நடுக் கேள்விக்கான விடை மிக மதிப்புள்ளது. லோ-ரிவர்ஸ் கிளட்சுக்கு அந்த எண் வழக்கமாக 35-லிருந்து 83-க்குள் இருக்கும், தட்டு தேயத் தேய அது ஏறிக்கொண்டே போகும். கணினியை மாற்றச் சொன்னால், புதியதில் டயர் அளவுக்கேற்ற பினியன் எண்ணைப் பதிய வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். பதியாவிட்டால் வேகமானி தப்பாகக் காட்டும்.

பழுது நீக்கிய முதல் நாள் கியர் சற்று முரட்டுத்தனமாக விழுந்தால் பதற வேண்டாம். கணினி கற்றதை மறந்திருக்கும். நெரிசலில்லாத தெருக்களில் நின்று நின்று, மிதமாக மிதித்து, ஒவ்வொரு கியரும் பலமுறை ஏறி இறங்கும்படி அரை மணி நேரம் ஓட்டினால் மறுபடி பழகிவிடும். என் வானில் அந்தப் பிளக்கின் முனையை வெட்டிப் புதியது இணைத்த பிறகு, அடுத்த மூன்று மழைகளுக்கும் நோட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். நான்காவது மழைக்கு எழுத மறந்துவிட்டேன்.